பெரியப்பாவின் மாம்பழமும் நாற்பதாயிரம் இம்ப்ரெஷனும்

போன மாம்பழ சீசனில் ஒரு நாள் பெரியப்பா கையில் போனோடு வீட்டுக்கு வந்தார். காவேரிப்பட்டினம் பக்கம் அவருக்கு மாந்தோப்பு. பெங்களூரா ரகக் காயை வழக்கம்போல மாம்பழக்கூழ் ஆலைக்கு ஏற்றிவிடுவார். செந்தூராவையும் அல்போன்சாவையும் மட்டும் ஐந்து கிலோ பெட்டி போட்டு பெங்களூருக்கு நேரடியாக விற்றுப் பார்க்கலாம் என்று அந்த வருஷம் ஒரு யோசனை. இணையத்தில் விளம்பரம் போட்டுத் தருகிறோம் என்று யாரோ சொல்ல, ஐந்தாயிரம் ரூபாய் செலவழித்துவிட்டார். இதே வேலையைத்தான் நானும் கிருஷ்ணகிரியில் நாலைந்து கடைகளுக்குச் செய்து கொடுக்கிறேன். என்னிடம் கேட்கவில்லை. உள்ளூர் மாடு உள்ளூர்ச் சந்தையில் விலை போகாது, தெரிந்ததுதானே.

போனில் ஓர் அறிக்கை இருந்தது. இம்ப்ரெஷன் 40,000. கிளிக் 500. சி.டி.ஆர். 1.25 சதவீதம். சி.பி.சி. 10 ரூபாய். கன்வெர்ஷன் 10. ஆர்.ஓ.ஏ.எஸ். 1.8. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு பச்சை அம்புக்குறி.

"ஏம்பா, நாப்பதாயிரம் பேரு பாத்தாங்கன்னு போட்டிருக்கு. பத்துப் பெட்டிதான் போயிருக்கு. மிச்சப் பேரு எங்க போனாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு டீயும் ஒன்றரை மணி நேரமும் ஆனது. அதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இணையம் என்பதும் வெப் என்பதும் ஒன்றல்ல. இணையம் ரோடு. நம் கிருஷ்ணகிரியைத் தொட்டுக்கொண்டு போகும் 44, 48 எண் தேசிய நெடுஞ்சாலைகள் மாதிரி, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பாதை. அந்த ரோட்டில் ஓடும் பல வண்டிகளில் ஒன்றுதான் வெப். மின்னஞ்சல் இன்னொரு வண்டி, வாட்ஸ்அப் மற்றொன்று. ரோடு முன்னாலேயே வந்துவிட்டது. வெப் என்ற வண்டிக்கான யோசனையை டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் எழுதிக் கொடுத்தது 1989இல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். மூலமாக.

உங்கள் பக்கங்களை எடுத்து வைத்திருக்கும் கணினிக்கு சர்வர் என்று பெயர். அங்கே இடம் பிடிப்பதற்கு நாம் தரும் வாடகை ஹோஸ்டிங். கடைக்கு வைக்கும் பெயர்ப்பலகைதான் டொமைன். இதை விலைக்கு வாங்கிவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வருஷக் குத்தகை. புதுப்பிக்க மறந்தால் பலகையை வேறு ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். கூகுள் மாதிரித் தேடித் தருவது தேடுபொறி. குரோம் மாதிரிப் பக்கத்தைத் திறந்து காட்டுவது பிரவுசர். இவ்வளவு போதும், விளம்பரத்துக்கு வருவோம்.

இணையத்தில் பேனர் விளம்பரம் என்ற ஒன்று பேசப்படும் அளவுக்கு முதன்முதலில் வந்தது 1994 அக்டோபர் 27 அன்று. ஹாட்வயர்டு என்ற தளத்தில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் ஒரு சின்னப் பட்டையை வைத்தது. பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் அதைக் கிளிக் செய்தார்கள் என்று சொல்வார்கள். புதுசு அல்லவா, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று அமுக்கியிருப்பார்கள். இன்றைக்குப் பெரும்பாலான பேனர்களுக்கு நூறில் ஒரு கிளிக் கூடக் கிடைப்பதில்லை.

பெரியப்பாவின் நாற்பதாயிரம் அப்புறம் என்ன? இம்ப்ரெஷன் என்றால் விளம்பரம் ஒரு திரையில் ஒருமுறை வந்து நின்றது என்று பொருள். யாரும் பார்த்ததாக அதற்கு அர்த்தமில்லை. நெடுஞ்சாலையோரத்தில் ஒரு போர்டு வைக்கிறோம். நாற்பதாயிரம் வண்டிகள் கடந்து போகின்றன. எத்தனை டிரைவர் தலையைத் திருப்பினார்? போர்டுக்குத் தெரியாது. ஒரே வண்டி நாலு தடவை போய் வந்தால் அது நாலு இம்ப்ரெஷன். வெவ்வேறு ஆட்களை மட்டும் எண்ணினால் அந்த எண்ணுக்கு ரீச் என்று பெயர். அது ஒருபோதும் இம்ப்ரெஷனைவிட அதிகமாக இருக்காது. பேனர் விளம்பரத்தில் 'பார்க்கக்கூடியதாக இருந்தது' என்று கணக்கில் சேர்க்க இந்தத் தொழிலில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: விளம்பரத்தின் பாதிப் பரப்பு, ஒரு நொடி, திரையில் தெரிந்திருக்க வேண்டும். பாதி விளம்பரம், ஒரு நொடி. பெரியப்பா இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

இம்ப்ரெஷனுக்குக் காசு வாங்கும் முறையில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள். அது சி.பி.எம். அதில் வரும் எம் ரோமானிய எண்ணில் ஆயிரத்தைக் குறிக்கும் எழுத்து. பெரியப்பா நாற்பதாயிரத்துக்கு ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். ஆயிரத்துக்கு 125 ரூபாய். ஆனால் அவர் எடுத்திருந்தது கிளிக்குக்குக் காசு தரும் முறை. ஒரு கிளிக்குக்கு ஆன செலவு சி.பி.சி.: 5,000 ரூபாய், 500 கிளிக், ஆகவே 10 ரூபாய். நூறு தடவை காட்டினால் எத்தனை தடவை கிளிக் வருகிறது என்பது சி.டி.ஆர். இவருக்கு 1.25. வந்தவர்களில் நாம் நினைத்த காரியத்தைச் செய்தவர்கள் கன்வெர்ஷன். ஆர்டர் போடுவதுதான் கன்வெர்ஷன் என்றில்லை. போன் செய்வதையோ படிவம் நிரப்புவதையோ கூட கன்வெர்ஷனாக வைத்துக்கொள்ளலாம். அறிக்கை கொடுப்பவரிடம் "எதைக் கன்வெர்ஷன்னு எண்ணியிருக்கீங்க?" என்று கேட்பது நல்லது. பக்கத்தைத் திறந்ததையே கன்வெர்ஷன் என்று எண்ணிக் கொடுத்த அறிக்கையையும் நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தப் பச்சை அம்புக்குறிக்கு வருவோம். ஆர்.ஓ.ஏ.எஸ். என்பது விளம்பரத்தில் போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் விற்பனை வந்தது என்ற கணக்கு. பெட்டி 900 ரூபாய், பத்துப் பெட்டி 9,000. அதை 5,000ஆல் வகுத்தால் 1.8. ஒன்றுக்கு ஒன்றே முக்கால் ரூபாய்க்கு மேல் வந்திருக்கிறதே, லாபம்தானே?

நான் ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எழுதினேன். 900 ரூபாயில் பழத்துக்கும் பறிகூலிக்கும் அட்டைப்பெட்டிக்கும் பெங்களூர் வரை அனுப்பும் செலவுக்கும் போக, பெட்டிக்கு 250 ரூபாய்தான் கையில் நிற்கிறது. பத்துப் பெட்டிக்கு 2,500. விளம்பரச் செலவு 5,000. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆகவே 5,900. பெரியப்பாவுக்கு ஜி.எஸ்.டி. பதிவு கிடையாது, அந்த 900 ரூபாய் வரியைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. ஆக 3,400 ரூபாய் நட்டம், அதன் தலையில் ஒரு பச்சை அம்புக்குறி.

ஒரு ஆர்டருக்கு ஆகும் விளம்பரச் செலவை சி.பி.ஏ. என்பார்கள். இவருக்கு வரியோடு 590 ரூபாய். 250 நிற்கும் பெட்டிக்கு 590 செலவு. சின்ன வியாபாரிகள் இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி வந்தால் போதும் என்பது என் எண்ணம். பெட்டிக்கு 250 நிற்கிறது. நூறு கிளிக்குக்கு இரண்டு ஆர்டர் வருகிறது. அப்படியானால் நூறு கிளிக்குக்கு 500 ரூபாய்க்கு மேல் தரக்கூடாது; ஒரு கிளிக்குக்கு, வரியையும் சேர்த்து, 5 ரூபாய்தான் உச்சம். அதைத் தாண்டினால் ஒவ்வொரு பெட்டிக்கும் நாமே காசு வைத்து அனுப்புகிறோம். வாங்குபவர்கள் நூறுக்கு ஐந்து பேர் ஆகிவிட்டால் அதே கிளிக்குக்கு பன்னிரண்டரை ரூபாய் வரை தாங்கும். கிளிக்கின் விலையைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வந்தவரை வாங்க வைக்க வேண்டும். மூன்றாவது வழி எனக்குத் தெரிந்து இல்லை.

"சரி, அந்தப் பத்து ரூபாய யாரு முடிவு பண்றாங்க?" என்றார்.

நல்ல கேள்வி. இதற்குப் பதில் பெரியப்பாவுக்கு ஏற்கெனவே தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போய்வருகிற ஆள். மாட்டுச் சந்தையில் பழைய ஆட்கள் துண்டுக்கடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு என்ன விலை ஓடுகிறது என்று தெரியாது. தேடல் விளம்பரமும் துண்டுக்கடி ஏலம்தான். யாரோ ஒருவர் பெங்களூரில் உட்கார்ந்து மாம்பழம் ஆன்லைனில் வாங்க என்று தேடுகிறார். அவர் என்டரை அமுக்கியதற்கும் பக்கம் திறப்பதற்கும் நடுவே, ஒரு நொடிகூட ஆகாத நேரத்தில் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. ஒரு கிளிக்குக்கு இவ்வளவு வரை தருவேன் என்று ஒவ்வொரு வியாபாரியும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார். அதற்கு பிட் என்று பெயர். அடுத்தவர் என்ன சொன்னார் என்பது நமக்குத் தெரியாது. தேடுபொறி தரகர்.

தேடலில் கிளிக்குக்கு ஏலம் கேட்கும் முறையை 1998இல் கோடூ என்ற தேடல் தளம் தொடங்கிவைத்தது. அதன் பின்னால் இருந்தவர் பில் கிராஸ். அங்கே யார் அதிகம் தருகிறாரோ அவர் மேலே, அவ்வளவுதான். கூகுள் தன் விளம்பரத் திட்டத்தை 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. 2002இல் கிளிக்குக்கு ஏலம் என்ற முறைக்கு வந்தபோது ஒரு திருத்தம் செய்தது. காசை மட்டும் பார்க்காமல் விளம்பரத்தின் தரத்தையும் பார்த்தது. இந்த ஆட்வேர்ட்ஸ்தான் 2018இல் பெயர் மாறி இப்போது கூகுள் ஆட்ஸ்.

தரம் என்றால் என்ன? தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் இரண்டு பேர் ஒரே எடைக்குக் கூடு கொண்டுவந்தாலும் ஒரே விலை கிடைக்காது. கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் கேட்பார்கள். இங்கே பார்ப்பது மூன்று: இந்த விளம்பரத்தை மக்கள் கிளிக் செய்வார்களா, தேடிய சொல்லுக்கும் இதற்கும் பொருத்தம் இருக்கிறதா, கிளிக் செய்து போகும் பக்கம் உருப்படியாக இருக்கிறதா. எளிமையாக்கிச் சொன்னால், நீங்கள் சொன்ன விலையையும் தரத்தையும் பெருக்கி வரும் எண்தான் உங்கள் இடத்தைத் தீர்மானிக்கிறது. பெரியப்பா 12 ரூபாய் சொல்கிறார், தரம் 8 என்று வைத்துக்கொள்வோம், பெருக்கினால் 96. போட்டிக்காரர் 20 ரூபாய் சொல்கிறார், தரம் 4, பெருக்கினால் 80. பெரியப்பா மேலே. அவர் தர வேண்டியதும் 12 ரூபாய் இல்லை. கீழே இருப்பவரின் 80ஐத் தாண்டும் அளவுக்குத் தந்தால் போதும். 80ஐ 8ஆல் வகுத்தால் 10 ரூபாய் வருகிறது. நிஜத்தில் இன்னும் பல காரணிகள் சேரும், ஆனால் எலும்புக்கூடு இதுதான். கம்மிக் காசு வைத்திருப்பவர் பெரிய முதலாளியை இங்கே முந்த முடியும். மாட்டுச் சந்தையில் அது நடக்காது.

ஏலம் எந்தச் சொல்லுக்கு நடக்கிறதோ அது கீவேர்டு. பெரியப்பாவுக்காக யாரோ போட்டிருந்த கீவேர்டு ஒன்றே ஒன்று: மாம்பழம் என்பதன் ஆங்கிலச் சொல். அதுவும் பிராட் மேட்ச் என்ற வகையில், அதாவது அதோடு தொடர்புள்ளதாகத் தோன்றும் எந்தத் தேடலுக்கும் காட்டு என்ற வகையில். மக்கள் உண்மையில் என்ன தேடியபோது விளம்பரம் வந்தது என்று காட்டும் பட்டியல் ஒன்று உண்டு, அதைத் திறந்தேன். மாங்கன்று விலை. மேங்கோ மில்க்‌ஷேக் செய்வது எப்படி. அதே பெயரில் உடுப்பு விற்கும் வெளிநாட்டு பிராண்டின் கடை எங்கே. மாங்காய் ஊறுகாய். அப்புறம், நம் மாவட்டங்களில் மாம்பழம் என்றால் ஒரு கட்சியின் சின்னமும் ஞாபகத்துக்கு வரும் அல்லவா, அந்தச் சின்னத்தின் படம் தேடியவர்கள்கூட ஏழெட்டுப் பேர். சிலர் கிளிக்கும் செய்திருந்தார்கள். தலைக்குப் பத்து ரூபாய்.

இந்த மாதிரித் தேடல்களுக்குக் காட்டாதே என்று சொல்லி வைக்கும் சொற்கள் நெகட்டிவ் கீவேர்டுகள். கன்று, செடி, ஜூஸ், ஊறுகாய், சின்னம், படம், எப்படி என்று ஒரு மணி நேரத்தில் முப்பது சொல் சேர்த்தோம். பிராட் மேட்சைத் தூக்கிவிட்டு, சொற்றொடரின் பொருள் தேடலில் இருந்தால் மட்டும் காட்டும் ஃப்ரேஸ் மேட்சுக்கு மாற்றினோம். பெரியப்பாவே ஒரு யோசனை சொன்னார்: "பெங்களூருக்காரன் மாவின ஹண்ணுன்னுல தேடுவான்?" கன்னடம் காதில் விழுந்தே வளர்ந்தவர்கள் நாம், எனக்கு அது தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. சேர்த்தோம்.

இன்னொரு ஓட்டை, ஊர். விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று குறிவைப்பதை டார்கெட்டிங் என்பார்கள். பெங்களூர் என்று தேர்ந்தெடுத்திருந்தார்கள், சரிதான். ஆனால் தேடல் விளம்பரங்களில் தானாகவே அமைந்திருப்பது 'அந்த ஊரில் இருப்பவர்கள், அல்லது அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்கள்' என்ற அமைப்பு. டெல்லியில் இருந்துகொண்டு பெங்களூரைப் பற்றி எதையாவது தேடுபவருக்கும் நம் செந்தூரா தெரியும். டெல்லிக்குப் பெட்டி அனுப்ப நம்மால் ஆகாது. 'இருப்பவர்கள் மட்டும்' என்று மாற்ற வேண்டும்; அது கொஞ்சம் உள்ளே ஒளிந்திருக்கும், தேடித்தான் எடுக்க வேண்டும்.

கிளிக் செய்தவர் போய் இறங்கும் பக்கம் லேண்டிங் பேஜ். பெரியப்பாவின் பக்கத்தில் தோப்பின் பெரிய படம் இருந்தது, குலதெய்வம் கோயில் படம் இருந்தது, எங்களைப் பற்றி என்று நாலு பத்தி இருந்தது. விலை இல்லை. படங்கள் கனமானதால் திறக்கவே நேரம் பிடித்தது. பத்து ரூபாய் கொடுத்து ஆளை அழைத்துவந்து வாசலில் நிற்க வைத்த கதை. என்ன ரகம், எத்தனை கிலோ, என்ன விலை, என்றைக்கு வரும், கல் வைத்துப் பழுக்க வைத்ததில்லை என்ற ஒரு வரி, கீழே ஒரு வாட்ஸ்அப் பொத்தான். இவ்வளவுதான் இப்போது அங்கே இருக்கிறது. சாமி படத்தை மட்டும் எடுக்க விடவில்லை, ஓரமாகச் சின்னதாக வைத்தோம்.

பெரியம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: "நான் ஒரு குக்கர பாத்தேன், அது ஒரு வாரமா என் போன விட்டுப் போகவே இல்ல, அது எப்படி?"

அது குக்கி செய்கிற வேலை. வெப்புக்கு இயல்பாகவே ஞாபகசக்தி கிடையாது. நீங்கள் ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்குப் போனால், அதே ஆள்தான் என்று அந்தத் தளத்துக்குத் தெரியாது. 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் இருந்த லூ மொன்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் தருகிறார்கள் அல்லவா, அதுபோல உங்கள் பிரவுசரில் ஒரு சின்னக் குறிப்பைத் தளம் வைத்துவிடும். மறுபடி வரும்போது அதை நீட்டினால் ஆள் தெரிந்துவிடும். அதில் தப்பில்லை. சிக்கல் எங்கே என்றால், ஒரே விளம்பர நிறுவனம் ஊரில் உள்ள எல்லா ஸ்டாண்டிலும் ஓரமாக ஓர் ஆளை உட்கார வைத்து அவரும் தனியாக டோக்கன் தருவது. அது தேர்ட் பார்ட்டி குக்கி. நீங்கள் எங்கெங்கே வண்டியை நிறுத்தினீர்கள் என்று அவரிடம் மொத்தக் கணக்கும் இருக்கும். குக்கர் பார்த்தவருக்குக் குக்கரையே திரும்பத் திரும்பக் காட்டுவது ரீமார்க்கெட்டிங். ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2020இல் இந்த வெளியாள் டோக்கனை முழுக்கத் தடுத்தது. குரோமும் நிறுத்தப் போகிறேன் என்று சில வருஷம் சொல்லிக்கொண்டிருந்து, 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. பிரவுசர் அமைப்புகளில் போய் நீங்களே தடுத்துக்கொள்ளலாம்.

காசு கொடுக்காமல் தேடலில் தானாக மேலே வருவதை ஆர்கானிக் என்பார்கள். அதற்காகப் பக்கத்தைச் சீர்செய்யும் வேலை எஸ்.இ.ஓ. மாங்கன்று நட்டுக் காய்க்கக் காத்திருப்பது மாதிரி. இந்த சீசனுக்கு ஆகாது. ஒரு மாதத்தில் முதலிடம் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ரவுண்டில் நூறு கிளிக்குக்கு நாலு ஆர்டர் வந்தது, கிளிக் 9 ரூபாய்க்கு இறங்கியது. ஆர்டருக்கு 225 ரூபாய், வரியோடு 265.50. இன்னமும் பெட்டிக்குப் பதினைந்தரை ரூபாய் கையைக் கடித்தது. ஆனால் வாங்கியவர்களில் ஒருவர் தன் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் சொல்லி, அங்கிருந்து பதினாலு பெட்டிக்கு பெரியப்பாவுக்கு நேராகப் போன் வந்தது. முதல் நட்டத்தை அதுவே அடைத்துவிட்டது. இந்தப் பதினாலு எந்த அறிக்கையிலும் இல்லை. எந்த விற்பனைக்கு எந்த விளம்பரம் காரணம் என்று கணக்கு எழுதுவதற்கு அட்ரிப்யூஷன் என்று பெயர். வாய்வழியாகப் போன சேதியை அதனால் பிடிக்க முடியாது. "எங்க பாத்தீங்க?" என்று போனில் கேட்டு நோட்டில் எழுதச் சொன்னேன். எழுதுகிறார்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. தினமும் காலை ஆறு மணிக்கு, கிருஷ்ணகிரியிலிருந்தே, தவறாமல் ஒரு கிளிக் விழுந்துகொண்டிருந்தது. முதல் ரவுண்டில் ஆரம்பித்தது, ஊரை 'பெங்களூரில் இருப்பவர்கள் மட்டும்' என்று மாற்றிய நாளோடு நின்றுவிட்டது. யாராவது போட்டிக்காரர் வேண்டுமென்றே அமுக்கினாரோ என்றுகூட யோசித்தேன். அப்புறம் ஒரு நாள் பெரியப்பாவே கேட்டார்.

"ஏம்பா, முன்னெல்லாம் காலைல எந்திரிச்சதும் நம்ம விளம்பரம் வருதான்னு ஒரு வாட்டி தட்டிப் பாப்பேன். இப்ப வரவே மாட்டேங்குது. நின்னு போச்சா?"